தளையிற் பிறந்த சொல்

விடுதித் தோழர் ஒருவர் என்னை நோக்கி, "அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் 2019ஆம் ஆண்டிற் பதவி நீக்கம் செய்யப்பட்டார் என்று படித்தேன். பின்னும் அவர் எங்ஙனம் பதவியில் இருந்தார்?" என வினவினார். பிழை அவருடையதன்று, 'இம்பீச்மெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் 'பதவி நீக்கம்' எனப் பெயர்த்தாருடையது.

இலத்தீன் மொழியிற் 'பெதிகா' என்பது காலிற் பூட்டும் தளை. அதனின்று தோன்றிய வினைச்சொல், தளை பூட்டுதல் எனப் பொருள்படும். பழைய பிரெஞ்சு வாயிலாக ஆங்கிலத்துட் புகுந்தபோது அது தடுத்தலைக் குறித்தது. இக்காலப் பிரெஞ்சிலும் 'எம்பேஷே' என்பதற்கு அதுவே பொருள். ஒலியில் இதனையொத்ததும் தாக்குதலைக் குறிப்பதுமான வேறோர் இலத்தீன் சொல்லோடு சட்டம் வல்லார் இதனை மயங்கக் கொண்டமையால், குற்றஞ்சாட்டுதல் என்னும் பொருள் வலுப்பெற்றது. ஒலியொப்புமையாற் பொருள் திரிதல் நம் மொழிக்கே உரியதன்று போலும்!

இங்கிலாந்தில் 1376ஆம் ஆண்டு கூடிய 'நல்ல பார்லிமெண்டில்', லாட்டிமர் பிரபுவின்மீது பொதுமக்கள் சபையார் குற்றஞ்சாட்டப் பிரபுக்கள் தீர்ப்பளித்தனர். சாட்டுவோர் ஒரு சபையார், தீர்ப்போர் மற்றொரு சபையார் என்பதே இம்முறையின் உயிர்நிலை.

வாரன் ஹேஸ்டிங்ஸ் வழக்கினை நோக்குமின். அவர் கவர்னர் ஜெனரல் பதவியைத் துறந்து 1785ஆம் ஆண்டிலேயே தாய்நாடு திரும்பிவிட்டார். பொதுமக்கள் சபை அவர்மீது குற்றஞ்சாட்டியதோ 1787ஆம் ஆண்டில். இல்லாத பதவியினின்று ஒருவரை நீக்குவது எங்ஙனம்? எட்மண்டு பர்க்கு முன்னின்று வாதாடிய அவ்வழக்கு 1788 முதல் 1795 வரை நடந்தது. இறுதியில் ஹேஸ்டிங்ஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் வழக்குச் செலவிலே அவர் செல்வம் கரைந்தது. பழைய தளைப்பொருள் அவர்பால் ஏழாண்டு மெய்யாயிற்று எனலாம்.

அமெரிக்காவிலும் பிரதிநிதிகள் சபை சாட்டும். செனட்டு சபை விசாரிக்கும். அங்கே மூன்றில் இரு பங்கினர் உடன்பட்டாலன்றி நீக்கம் இல்லை. 1868ஆம் ஆண்டில் ஆண்டுரு ஜான்சன் ஒரே வாக்கு வேறுபாட்டால் தப்பினார். 1998இற் சாட்டப்பெற்ற கிளிண்டனும், 2019, 2021 ஆகிய இருமுறை சாட்டப்பெற்ற டிரம்பும் செனட்டில் விடுவிக்கப்பெற்றனர்.

நம் அரசியலமைப்பின் 61ஆம் உறுப்பு, குடியரசுத் தலைவரைக் குறித்து இவ்வாங்கிலச் சொல்லை ஆள்கின்றது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குறித்த 124ஆம் உறுப்போ 'நீக்கம்' என்றே கூறும். சாட்டப்பட்டவரைத் தண்டிக்கப்பட்டவராக்கும் மொழிபெயர்ப்பு, விசாரணைக்கு முன்னரே தீர்ப்பெழுதுவதாகும். ஆதலின் 'அவைச்சாட்டு' எனலாம் என்பது என் கருத்து. இதனினும் சிறந்த சொல் உளதேல், தமிழாசிரியர்கள் அருள்வாராக.