மெனுவுக்குப் பின்னால் இருக்கும் வகைகள்

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு கட்டுரைக்கு வகை எதையும் குறிக்காமல் வெளியிட்டாலும் அது வகையில்லாமல் நிற்காது. ‘அன்கேட்டகரைஸ்டு’ என்ற இயல்பு வகைக்குள் தானாகப் போய் விழும். அவசரகதியில் நடக்கும் தளங்களில் இந்த வகைதான் கொழுத்துக்கொண்டே போகும்.

ஒரு வகையை உருவாக்கி அதில் கட்டுரைகளைச் சேர்த்தால், அவற்றைப் புதியது முதலில் என்ற வரிசையில் காட்டும் பக்கமும் தானே அமைந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தின் இணைப்பை மெனுவில் ஒருமுறை வைத்தால் போதும். நாளை எழுதும் சமையல் குறிப்பு ‘சமையல்’ பக்கத்தில் தானாகச் சேரும். மெனுவைத் தொட வேண்டியதில்லை.

2010-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் 3.0 பதிப்பிலிருந்து, தளம் நடத்துபவரே நிர்வாகத் திரையில் மெனுவை அடுக்கிக்கொள்ளலாம். ஆகவே இருபது வகைகள் இருந்தாலும் மெனுவில் ஆறு மட்டும் தெரியலாம். அந்த ஆறும் வாசகர் தேடிவரும் சொற்களாக இருக்க வேண்டும். ‘பல்சுவை’ என்ற தலைப்பு ஆசிரியர் குழுவுக்கு வசதி. சர்க்கரை நோய்க்கான உணவு முறையைத் தேடுபவர் அதை ஏன் அழுத்துவார்?

வகைக்குள் உள்வகையும் வைக்கலாம். ‘சமையல்’ என்பதன் கீழ் ‘சைவம்’ இருந்தால், சைவத்தில் சேர்த்த குறிப்பு தாய்வகையின் பக்கத்திலும் வரும். இரண்டிலும் டிக் அடிப்பது வீண் வேலை. இதே போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் முன்பு இரண்டு அடுக்குதான். 2011-இல் வந்த 1.6 பதிப்பு அந்த வரம்பை நீக்கியது. அதற்காக ஐந்து அடுக்கு போட வேண்டுமென்பதில்லை. கைபேசித் திரையில் மூன்றாம் அடுக்கைத் திறப்பதற்குள்ளேயே பொறுமை போய்விடும். ‘வாழைப்பூ’ போன்ற நுணுக்கமான விஷயங்களுக்கு, 2007 முதல் வேர்ட்பிரஸில் உள்ள குறிச்சொல் போதும். அதற்கு அடுக்கு கிடையாது.

தமிழ்த் தளங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வகையின் பெயர் இணைய முகவரியிலும் இடம்பெறுகிறது. ‘சமையல்’ என்பதை அப்படியே விட்டால், நகலெடுத்து அனுப்பும்போது சதவீதக் குறிகளும் எண்களுமாக 54 எழுத்துகளாக நீளக்கூடும். மெனுவில் தமிழ்ப் பெயரையும் முகவரியில் வரும் பெயருக்கான ‘ஸ்லக்’ கட்டத்தில் சுருக்கமான ரோமன் வடிவத்தையும் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுவது நல்லது. கட்டுரையின் ஸ்லக்கைப் பின்னால் மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய முகவரிக்கு வருபவரைத் தானே புதியதற்குத் திருப்பிவிடும். வகைகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கே ரீடைரக்டைத் தனியாக அமைக்க வேண்டும்.