‘ஒரிஜினல்’ என்பதை எழுத்தில் வாங்குங்கள்

நல்லம்பள்ளியில் ஒரு வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த பழைய கச்சேரி போஸ்டர் ஒன்றைச் சென்ற மாதம் பார்த்தேன். மங்கிய சிவப்பு, ஓரத்தில் பழுப்பு, நடுவில் மடித்த தடம். 1954-ல் தருமபுரியில் நடந்த சங்கீதக் கச்சேரியாம். வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வாட்ஸ்அப் குழுவில் படம் பார்த்து, பேரம் பேசி, பதினெட்டாயிரம் ரூபாயை ஜிபேயில் அனுப்பியிருக்கிறார்.

அடிவரியைப் படித்தேன். ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருந்தது. தருமபுரி மாவட்டம் பிறந்ததே 1965 அக்டோபர் 2-ல். அதுவரை நாம் சேலம் ஜில்லா. சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. “ஏமாந்துட்டேனா தம்பி?” என்றார்.

இப்படி ஏமாந்தவர்கள் தொடர்ந்து என்னிடம் வருகிறார்கள். பாகவதர் காலத்து நோட்டீஸ், ஸ்பெஷல் நாடக போஸ்டர், டூரிங் டாக்கீஸ் சுவரொட்டி எல்லாவற்றுக்கும் இப்போது நல்ல விலை. நகல் எடுப்பதும் விற்பதும் தன்னளவில் மோசடி இல்லை. ‘மறுபதிப்பு’ என்று சொல்லி இருநூறு ரூபாய்க்கு விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அதையே அசல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். அப்படிச் சொன்னார் என்பதற்கு நம் கையில் சான்று இருக்க வேண்டும். பெரும்பாலும் இருப்பதில்லை, ஏனென்றால் போனில் பேசி முடித்துவிடுகிறோம்.

வாங்கும் முன் காகிதத்தையே விசாரியுங்கள். டிக்கெட் விலையைப் பாருங்கள். 1957 ஏப்ரல் 1-க்கு முன் அணா கணக்கு. அதன்பின் சில வருஷம் ‘நயா பைசா’, 1964-ல் ‘நயா’ போய் வெறும் பைசா. ‘1950 கச்சேரி’ போஸ்டரில் ஐம்பது பைசா டிக்கெட் என்றிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அச்சானது. எழுத்தையும் பாருங்கள். லை, ணை, னை, றா, ணா, னா ஆகியவற்றின் இன்றைய வடிவம் அரசாணையாக வந்தது 1978-ல். அதற்கு முன் பெரும்பாலான அச்சகங்களில் கொம்பு சுழித்த பழைய வடிவம்தான். ‘விடுதலை’ போன்ற ஓரிரு இதழ்கள் முன்பே மாறிவிட்டதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள், சந்தேகப்பட இது போதும். அச்சகத்தின் பெயரும் ஊரும் அச்சில் இருக்க வேண்டும் என்பது 1867-ஆம் வருடச் சட்டத்தின் விதியாக இருந்தது. அந்த வரி இல்லையென்றால் ஓரம் வெட்டுப்பட்டதா, மறைக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

கள்ள நோட்டைப் பார்க்கும் நீல விளக்கு நகைக்கடையில் இருக்கும். அதன் அடியில் போஸ்டரைக் காட்டினால், வெண்மையூட்டும் ரசாயனம் கலந்த பிற்காலக் காகிதம் பளீரென நீலமாக ஒளிரும். 1940-களின் காகிதம் அப்படி ஒளிராது. அசல்கள் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க விரும்பினால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவற்றை வைத்து 1994-ல் தொடங்கியது, நாடக நோட்டீஸ்களும் அங்கே உண்டு.

இதெல்லாம் தெரியாவிட்டாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள். காசு அனுப்பும் முன் விற்பவரிடம் மூன்று வரி எழுத்தில் கேளுங்கள்: இது அசல், இந்த வருடத்தில் அச்சானது, இல்லையென்று தெரிந்தால் முழுப் பணமும் திருப்பித் தருவேன். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஏமாந்தது தெரிந்தால் என்ன செய்வது? பணம் வாங்கிய ஆள் காணாமல் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வங்கிக் கணக்கிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். காவல் நிலையத்துக்கும் போங்கள். “பழைய பேப்பருக்கெல்லாமா புகாரு” என்று திருப்பி அனுப்பிய கதையை மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். இந்த அலட்சியத்தைக் கேட்கக் கேட்க ஆத்திரம் வருகிறது. பதினெட்டாயிரம் ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் பெரிய பணம். மனுவை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு வழி தருகிறது. அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

ஆள் இருக்கிறார், பணம்தான் தரமாட்டேன் என்கிறார் என்றால் போக வேண்டிய இடம் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. மும்பைக்கு அலைய வேண்டுமே என்று பயந்து விட்டுவிட்டவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமே கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், அது தீர்ப்பல்ல. அடுத்து விற்றவருக்கு ஒப்புகை அட்டையுடன் ஒரு நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், பணம் அனுப்பிய வங்கி விவரம், விளம்பரப் படம், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், போஸ்டரின் புகைப்படங்கள், நோட்டீஸ் நகல் எல்லாவற்றையும் பக்க எண் போட்டு அடுக்குங்கள். எதிர்த்தரப்புக்கு ஒவ்வொரு நகல் கூடுதலாக வேண்டும். இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். போனில் உள்ள உரையாடலைச் சான்றாக வைக்க பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். போன் மாற்றும்போது தொலைத்துவிட்டு வருபவர்களே அதிகம்.

கெடு இரண்டு வருடம். பணம் அனுப்பிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம். மறுவிற்பனைக்காக வாங்கியிருந்தால் பொதுவாக நீங்கள் ‘நுகர்வோர்’ ஆகமாட்டீர்கள் என்பதும் நினைவிருக்கட்டும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானத்தினர் ஆகியோர் 15100-ஐ அழைத்தால் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

உண்மையான அசலை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. வரலாற்று, கலை மதிப்புள்ள ஆவணம் 75 வருடம் கடந்திருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குக் கூரியரில் போட்டுவிடாதீர்கள், சுங்கத்தில் சிக்கும். முதலில் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில், ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். நகல் போட்டு விற்கும் பிளெக்ஸ் கடைக்காரர்களும் கவனியுங்கள். வரைந்தவர் இறந்து 60 வருடம் வரை ஓவியத்துக்குக் காப்புரிமை உண்டு. பழசு என்பதாலேயே பொதுச் சொத்தாகிவிடாது.

ஆசிரியர் வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் பத்து மாதம் மிச்சம். அன்று மாலையே சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். லேமினேட் செய்து வைக்கலாமா என்று கேட்டார், கூடாது என்றேன். பசையும் சூடும் பட்டால் காகிதத்தைப் பரிசோதிக்க வழியில்லாமல் போய்விடும், அசலாக இருந்தாலும் பாழ்தான். வெள்ளைத் துணியில் சுற்றி பீரோவுக்கு மேல் வைத்தார். பேத்தி அவர் போனை வாங்கி, “ஒரிஜினல்தான் சார், காரண்டி” என்று விற்றவன் அனுப்பியிருந்த வரியைத் தேடி எடுத்தாள். அதைத்தான் முதல் பக்கமாக வைத்திருக்கிறோம்.