விலா எலும்பும் ஜில்லாவும்

கலெக்டர் கச்சேரிக்கு மனு எழுதிய நம் முன்னோர் ஊர்ப் பெயருக்குப் பின் தவறாது குறித்ததும், மாவட்டம் என்னும் சொல் அதன் ஆசனத்தைப் பிடித்த பின்னும் முதியோர் நாவினின்று முற்றும் இறங்காததுமான ‘ஜில்லா’, தன் ஜன்ம பாஷையாகிய அரபியிலே மனித சரீரத்தின் விலா எலும்பையே குறிப்பதாகும்.

அச்சொல்லின் முதலெழுத்து அரபியருக்கே உரிய பெருமையாகக் கருதப்படுவது. தம் மொழியை அவர்கள் ‘ளாத் எழுத்தின் மொழி’ என்றே அழைப்பர். நாவின் ஓரம் கடைவாய்ப் பற்களைத் தொடும் இடத்தில் அது பிறப்பதாகப் பண்டை இலக்கணியான சீபவைஹி வரையறுத்தார். பாரசீகர் நாவில் அது ஆங்கில ‘z’ ஒலியாகத் தேய்ந்து நம்மிடம் ஜகரமாயிற்று, நம் தமிழ் முஸ்லிம்களோ அதற்கு ளகரத்தைத் தேர்ந்தனர். ரமளான், ரம்ஜான் என ஒரே மாதம் இரு பெயர் பூண்டு நிற்பதன் ரகசியம் இதுவே. ஆகவே ‘ளில்உ’ என்னும் அந்த அரபுச் சொல் பாரசீக வழியே வந்தமையால்தான் நமக்கு ஜகரத்தோடு கிட்டிற்று.

விலா என்பது பக்கம் என்றாவது இயல்பே. நாமும் ‘விலாப்புறம்’ என்கிறோமன்றோ? ஹீப்ரு வேதத்தில் ஆதாமிடமிருந்து எடுக்கப்பட்டதைக் குறிக்கும் இனச்சொல்லே, உடன்படிக்கைப் பெட்டியின் பக்கங்களுக்கும் வழங்குகிறது. அரபு கணித சாஸ்திரிகள் முக்கோணத்தின் பக்கத்தை ‘ளில்உ’ என்றனர். கன சதுரத்தின் பக்கமே கனமூலமாதலால் அதற்கும் அப்பெயரையே இட்டனர். ஒரு சூழ்ச்சியில் இன்னாருக்கும் கை உண்டு என்று நாம் சொல்லுமிடத்தில், அரபியர் அவருக்கு அதிலே விலா உண்டு என்பர். விலாப் புடைக்க உண்டு பருகுதலைச் சொல்லும் வினையே, கல்வியில் நிறைந்து தேறியவனையும் சுட்டும். இந்த மொழியின் ரசனையை மெச்சாதிருக்க இயலவில்லை.

பக்கம் நிலத்தின் ஒரு பகுதியாக மாறியது, பாரசீகம் அரச பாஷையாயிருந்த பாரத தேசத்திலேதான். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் 1792-இல் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியார் வசமாயின; முந்தைய ஆட்சியாளரின் வருவாய்ச் சொற்களை மாற்றும் சிரமத்தை அவர்கள் மேற்கொள்ளவில்லை. பாரசீகத்தைக் கச்சேரிகளினின்று விலக்க 1837-இல் சட்டம் வழிசெய்த பின்னும் ஜில்லா அசையவில்லை. தொங்குதல், பற்றுதல் எனப் பொருள்படும் அரபு வேரினின்று வந்த தாலுகாவும் அப்படியே.

வங்கதேசத்தார் ‘ஜேலா’வுக்கு முன்னே நம் சமஸ்கிருத ‘உப’வைச் சேர்த்து ‘உபஜேலா’ ஆக்கியுள்ளனர். எகிப்தியரோ தம் நிர்வாகப் பிரிவுக்குக் காத்தல் என்னும் வேரினின்று பிறந்த வேறொரு சொல்லை வழங்குகின்றனர். உபஜேலா எங்கே என்று அவர்களிடம் கேட்டால், தம் விலாவைத் தடவிப் பார்க்கவும் கூடும்.