வலுவூட்டிய ராக்கர் பேனல்

வலுவூட்டிய ராக்கர் பேனல் என்பது, பாறைகள் நிறைந்த தடங்களில் ஓட்டப்படும் நான்கு சக்கர இயக்க வண்டிகளில், கதவுகளுக்குக் கீழே உள்ள மெல்லிய தகட்டுப் பெட்டியை வெட்டி நீக்கி, அதனிடத்தில் தடித்த உருக்குக் குழாயைப் பற்றவைத்து உருவாக்கப்படும் அமைப்பு ஆகும். ராக்கர் பேனல் என்பது அமெரிக்க வழக்கு. பிரித்தானியாவில் இப்பகுதி சில் என அழைக்கப்படுகின்றது. தனிச் சட்டகம் இல்லாத வண்டிகளில் ராக்கர் பேனல் ஓர் அலங்காரப் பகுதி அன்று. அது வண்டியின் சுமையைத் தாங்கும் விட்டங்களுள் ஒன்றாகும். எனவே புதிய குழாயின் தடிப்பைவிட, அது சுற்றியுள்ள மெல்லிய தகட்டுடன் எவ்வாறு இணைக்கப்படுகின்றது என்பதே இவ்வமைப்பின் வலிமையைத் தீர்மானிக்கின்றது.

ராக்கர் பேனலின் அமைப்பும் பணியும்

தானுந்துகளின் உடற்கட்டமைப்பு பொதுவாக இரு வகைப்படும். முதல் வகையில், ஏணி போன்ற உருக்குச் சட்டகத்தின் மேல் உடற்பகுதி திருகாணிகளால் பொருத்தப்படுகின்றது. இரண்டாம் வகையான ஓருடல் கட்டமைப்பில், அச்சில் அழுத்தி வடிவமைத்த தகடுகள் பல ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, உடலே சட்டகமாகவும் செயற்படுகின்றது.

ஓருடல் வண்டியில் ராக்கர் பேனல் முன் சக்கர வளைவில் தொடங்கிப் பின் சக்கர வளைவு வரை செல்கின்றது. உள் தகடும் வெளித் தகடும் மேலும் கீழும் உள்ள விளிம்புகளில் புள்ளிப் பற்றவைப்பால் இணைக்கப்பட்டு, உள்ளீடற்ற பெட்டி ஒன்று உருவாகின்றது. இத்தகடுகளின் தடிப்பு பெரும்பாலும் 1 மி.மீ. அளவிலேயே இருக்கும்.

இவ்வளவு மெல்லிய தகடு சுமை தாங்குவதற்குக் காரணம் அதன் மூடிய வடிவமே. ஓர் அட்டைக் குழாயைக் கையால் முறுக்குவது கடினம். அதே குழாயை நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துவிட்டால், அது எளிதாக முறுகிவிடும். ராக்கர் பேனலின் ஒரு பக்கம் துருவினால் அரிக்கப்பட்டாலோ, வெட்டித் திறக்கப்பட்டாலோ இதுவே நிகழ்கின்றது. பெரும்பகுதி தகடு எஞ்சியிருந்தாலும் முறுக்கத்தைத் தாங்கும் திறன் மிகவும் குறைந்துவிடுகின்றது.

எடுத்துக்காட்டு: ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே

இம்மாற்றம் பரவலாகச் செய்யப்படும் வண்டிகளுள் ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே குறிப்பிடத்தக்கது. அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் உருவாக்கிய இவ்வண்டி 1984 ஆம் ஆண்டு மாதிரியாக அறிமுகமானது. 1987 இல் அந்நிறுவனத்தைக் கிரைஸ்லர் வாங்கிய பின்னரும் உற்பத்தி தொடர்ந்தது. அமெரிக்காவில் 2001 இல் நிறைவடைந்தது. எக்ஸ்ஜே ஓருடல் கட்டமைப்பு உடையது. அதன் தரைத் தகட்டின் அடியில், ப வடிவில் மடித்த நீள விட்டங்கள் பற்றவைக்கப்பட்டுள்ளன. இரு பக்க ராக்கர் பேனல்களும் இவ்விட்டங்களும் தரைத் தகடும் சேர்ந்தே சுமையைப் பகிர்கின்றன.

கலிபோர்னியாவின் ரூபிக்கான் தடம், யூட்டா மாநிலத்தின் மோவாப் போன்ற பாறைத் தடங்களில், முன் சக்கரம் பாறை மீது ஏறி இறங்கியபின் வண்டியின் நடுப்பகுதி அப்பாறையின் மேல் அமர்வதுண்டு. அப்போது ராக்கர் பேனலின் அடி விளிம்பு மடங்குகின்றது. பெட்டி நசுங்கி, கதவு திறக்க இயலாத நிலையும் ஏற்படலாம். நசுங்கிய இடத்தில் வண்ணப்பூச்சு உரிந்து துரு தொடங்குகின்றது.

பொருள் தேர்வு

பொதுவாக மென் உருக்காலான செவ்வகக் குழாய் பயன்படுத்தப்படுகின்றது. அமெரிக்காவில் 2 × 4 அங்குலம் அல்லது 2 × 6 அங்குல அளவும், 3/16 அங்குலச் (ஏறத்தாழ 4.8 மி.மீ.) சுவர்த் தடிப்பும் கொண்ட குழாய்கள் வழக்கமானவை. 2 × 6 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோகிராம் எடையுள்ளது. 2 × 4 அங்குலக் குழாய் ஏறத்தாழ 10 கிலோகிராம். மென் உருக்கைப் பற்றவைப்பது எளிது. அது முறியும் முன் வளைந்து கொடுக்கும். தடிப்பைக் கூட்டினால் எடை கூடுவதுடன், மெல்லிய தகட்டுடன் இணைப்பதும் கடினமாகின்றது.

செய்முறை

ஆயத்தம்

வண்டி சமதளத்தில், தன் எடை சக்கரங்களின் வழியே இயல்பாகத் தாங்கப்படும் நிலையில் நிறுத்தப்படுகின்றது. கதவு இடைவெளிகளும், கதவு நிலையின் மூலைவிட்டங்களும் அளந்து குறிக்கப்படுகின்றன. கதவு நிலைக்குக் குறுக்கே தற்காலிக உருக்குக் கம்பிகள் பற்றவைக்கப்படுகின்றன. இரு பக்கங்களும் ஒரே நேரத்தில் வெட்டப்படுவதில்லை. அவ்வாறு வெட்டினால் உடலின் நடுப்பகுதி தொய்ந்துவிடலாம். தொய்ந்த நிலையில் புதிய குழாயைப் பற்றவைத்தால் அக்கோணல் நிலைத்துவிடும்.

வெட்டுதல்

வெளித் தகடும் அடி விளிம்பும் கையரைவை இயந்திரத்தால் வெட்டப்படுகின்றன. தூண்களின் அடிப்பகுதியும், தரையோடு சேரும் உள் தகட்டின் மேற்பகுதியும் விடப்படுகின்றன. துருப்பிடித்த பகுதியைத் தாண்டி, நல்ல உலோகம் தெரியும் வரை வெட்டவேண்டும். துருவின் மேல் பற்றவைப்பு நிற்காது.

பொருத்துதல்

அட்டையில் வெட்டிய மாதிரியைக் கொண்டு குழாய் அளவிடப்படுகின்றது. குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருத்தல் கூடாது. முதலில் ஆங்காங்கே சிறு புள்ளிகளாகப் பற்றவைத்து, கதவுகளைத் திறந்து மூடிச் சரிபார்த்தபின் முழு இணைப்பு தொடங்கப்படுகின்றது.

பற்றவைத்தல்

இவ்வேலைக்கு மிக் முறையே பெரும்பாலும் கையாளப்படுகின்றது. 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பியும், 75% ஆர்கானும் 25% கார்பன் டை ஆக்சைடும் கலந்த காப்பு வளிமமும் வழக்கமானவை. குழாய்ச் சுவர் தகட்டைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு தடித்தது. குழாய்க்கு ஏற்ற மின்னோட்டம் தகட்டில் ஓட்டை விழச் செய்யும். தகட்டுக்கு ஏற்ற மின்னோட்டம் குழாயில் ஊடுருவாமல் மேலே ஒட்டி நிற்கும். ஆகவே மின்வில் பெரும்பாலும் குழாயின் மேல் நிறுத்தப்பட்டு, உருகிய உலோகம் தகட்டின் விளிம்பைத் தொடுமாறு சிறிது நேரமே நகர்த்தப்படுகின்றது.

நீண்ட கோடாக ஒரேயடியாகப் பற்றவைப்பதில்லை. 20 முதல் 25 மி.மீ. நீளமுள்ள சிறு தையல்களாக, ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில் மாறி மாறிப் பற்றவைத்து, இடையே ஆறவிடப்படுகின்றது. பின்னர் இடைவெளிகள் நிரப்பப்படுகின்றன. 1.5 மீட்டர் நீளமுள்ள உருக்குக் குழாயின் வெப்பநிலை 100 பாகை செல்சியசு உயர்ந்தால், அது ஏறத்தாழ 1.8 மி.மீ. நீள்கின்றது. சூடான நிலையில் இறுகிய இணைப்பு ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுப்பதால், கதவு இடைவெளி மாறிவிடும்.

முனைகளும் சுமைப் பரவலும்

தடித்த குழாய் மெல்லிய தகட்டில் திடீரென முடியும் இடத்தில் தகைவு குவிகின்றது. வண்டி முறுகும் ஒவ்வொரு முறையும் அவ்விடமே வளைகின்றது. நாளடைவில் பற்றவைப்பின் ஓரத்தில் விரிசல் தோன்றலாம். இதனைத் தவிர்க்கக் குழாயின் முனைகள் சரிவாக வெட்டப்படுகின்றன. தூண்களின் அடியில் 3 மி.மீ. அளவிலான இணைப்புத் தகடுகள் வைத்துச் சுமை பரவலாக்கப்படுகின்றது. ராக்கர் குழாயைத் தரையடி விட்டங்களுடன் குறுக்குக் குழாய்களால் இணைப்பதும் உண்டு. இதனால், பாறை தரும் உந்து விசை தகட்டின் விளிம்பை மட்டும் தாக்காமல் கட்டமைப்பு முழுவதும் பரவுகின்றது.

துருத் தடுப்பு

பற்றவைப்பின் வெப்பம் மறுபக்கத்து வண்ணப்பூச்சையும் எரித்துவிடுகின்றது. கண்ணுக்குத் தெரியாத அந்த உட்பக்கத்திலேயே துரு முதலில் தொடங்கும். குழாயின் முனைகள் முற்றிலும் மூடப்படவேண்டும், அல்லது அடியில் வடிகால் துளைகள் விடப்பட வேண்டும். உட்புறத்தில் மெழுகு வகைப் பூச்சு தெளிக்கப்படுகின்றது. வெளியே அடிப்பூச்சும் வண்ணப்பூச்சும் இடப்படுகின்றன.

பாதுகாப்பு

* மின்கல இணைப்பு கழற்றப்படவேண்டும். எக்ஸ்ஜே வண்டிகளில் 1995 முதல் காற்றுப்பை இருப்பதால், அதன் இணைப்பையும் கவனிக்கவேண்டும்.
* தரைவிரிப்பு, இருக்கைகள், தரையில் ஒட்டிய தார் போன்ற ஒலித்தடுப்புப் படலம் ஆகியன நீக்கப்படவேண்டும். எரிபொருள் குழாயும் தடுப்புக் குழாயும் செல்லும் வழி முன்னரே அறியப்படவேண்டும். தீயணைப்பானுடன் மற்றொருவர் வண்டிக்குள் கண்காணிப்பது நல்லது.
* துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகும். உருக்கு உருகுவதோ ஏறத்தாழ 1500 பாகையில். எனவே துத்தநாகப் பூச்சு முன்னரே அரைத்து நீக்கப்படாவிடின் வெண்புகை எழும். அதனைச் சுவாசிப்பதால் உலோகப்புகைக் காய்ச்சல் உண்டாகும். இணைப்பிலும் நுண்துளைகள் விழும்.
* குளோரின் கலந்த பிரேக் துப்புரவு நீர்மங்களால் தகட்டைத் துடைத்துப் பற்றவைத்தல் கூடாது. மின்வில்லின் வெப்பமும் புறஊதாக் கதிர்களும் அவற்றிலிருந்து பாசுசீன் என்னும் நச்சு வளிமத்தை உருவாக்கக்கூடும்.

வரம்புகள்

வலுவூட்டிய ராக்கர் பேனலின் அடியில் ஜாக்கி வைத்து வண்டியை உயர்த்தலாம். பாறையின் மேல் வழுக்கிச் செல்லவும் முடியும். ஆயினும் இம்மாற்றத்தை மீளப்பெற இயலாது. பக்கவாட்டு மோதலின்போது ராக்கர் பேனலும் நடுத் தூணும் தரையும் சேர்ந்து விசையை உள்வாங்குமாறு தயாரிப்பாளர் வடிவமைத்துள்ளார். தடித்த குழாய் அச்செயற்பாட்டை மாற்றிவிடுகின்றது. மாற்றப்பட்ட வடிவம் மோதல் சோதனைக்கு உட்பட்டதன்று. பிரித்தானியாவின் எம்ஓடி ஆய்வில், சுமை தாங்கும் பகுதிகளிலும் இருக்கைப் பட்டியின் பிணைப்பிடத்திலிருந்து 30 செ.மீ. எல்லைக்குள்ளும் உள்ள துருவும் பழுதுபார்ப்பும் தனிக் கவனம் பெறுகின்றன.

வெட்டுதலை விரும்பாதோர், ராக் சிலைடர் எனப்படும் வெளிப்புறக் குழாய்களைச் சட்டகத்துடனோ தரையடி விட்டங்களுடனோ பொருத்துகின்றனர். இவை பழைய ராக்கர் பேனலை அப்படியே விட்டுவைக்கின்றன. ஆனால் அதற்குக் கீழே நீள்வதால் தரை இடைவெளி சிறிது குறைகின்றது. ராக்கர் பேனல் ஏற்கெனவே துருவால் வலுவிழந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் சிலைடர் மட்டும் பொருத்துவது பயன் தராது.