கறுப்புக்குள் ஒரு சிவப்பு... சீனத்துப் பூனையும் தாவோ சொல்லும் புதிரும்!

ஜன்னல் ஓரத்தில் ஒரு பூனை. அசைவே இல்லை. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. படத்துக்கு மேலே தாவோ தத்துவம் என்று சொல்லி ஒரு வரி. இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு பதிவைத் தாண்டி வராதவர்கள் குறைவு. 'பூனைதான் உண்மையான தாவோ குரு' என்கிறார்கள். எதற்கும் பதறாது. யார் கூப்பிட்டாலும் வராது. என்ன நினைக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குருவாக வேறென்ன தகுதி வேண்டும்?

ஆனால், தாவோ நூல்களைத் திறந்து பூனையைத் தேடினால் கிடைப்பது வேறு கதை.

கி.மு. 4-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் சீன ஞானி சுவாங்ட்சு. தாவோ மரபில் லாவோட்சுவுக்கு அடுத்த பெரிய பெயர். அவருடைய நண்பர் ஒருநாள், "உன் பேச்சு முடிச்சு முடிச்சாக வளர்ந்து நிற்கும் பெரிய மரம் மாதிரி. எந்தத் தச்சனும் திரும்பிப் பார்க்க மாட்டான்" என்கிற அர்த்தத்தில் கிண்டல் செய்கிறார். அதற்குப் பதிலாகத்தான் சுவாங்ட்சு காட்டுப்பூனையைக் கொண்டுவருகிறார். அது உடலைத் தாழ்த்திப் பதுங்குகிறது, இரைக்காகக் காத்திருக்கிறது, மேலும் கீழும் பாய்கிறது. கடைசியில்? பொறியில் மாட்டிச் சாகிறது! உபயோகமில்லாத அந்த மரத்தையோ யாரும் வெட்டப்போவதில்லை.

ஆக, இங்கே பூனை குரு இல்லை. அளவுக்கு மீறிய சாமர்த்தியத்துக்கு உதாரணம்.

லாவோட்சு பெயரில் வழங்கும் 'தாவோ தே சிங்' நூலில் 81 அத்தியாயங்கள், சுமார் 5,000 எழுத்துகள். அதில் பூனையே கிடையாது. ஆனால், முதல் அத்தியாயம் முடியும் இடத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று 'ஷுவான்'. இன்னொன்று 'மியாவ்'. நம்புங்கள், உச்சரிப்பு கிட்டத்தட்ட அப்படித்தான்! இதற்கு நுட்பமான அதிசயம் என்று பொருள். சீன மொழியில் பூனை கத்துவதைக் குறிக்கும் சொல்லும் 'மியாவ்'தான். எழுத்தும் குரல் ஏற்ற இறக்கமும் மட்டும் வேறு.

சுவாரஸ்யமானது முதல் சொல்தான். 'ஷுவான்' என்றால் இருள், ஆழம், புதிர். அது ஒரு நிறத்தின் பெயரும்கூட. கி.பி. 100 வாக்கில் தொகுக்கப்பட்ட சீன அகராதி, சிவப்பு கலந்த கறுப்பு என்று அதை விளக்குகிறது. கறுப்புப் பூனை வளர்ப்பவர்களுக்கு இந்த நிறம் பரிச்சயமாக இருக்கும். நிழலில் கன்னங்கரேல் என்று இருக்கும் பூனை, வெயிலில் புரண்டு படுக்கும்போது முதுகில் துரு ஏறியதுபோல செம்பழுப்பாகத் தெரியும். வெயிலில் ரோமத்தின் கரு நிறமி மங்குவதும், உணவில் டைரோசின் என்ற அமினோ அமிலம் குறைவதும் இதற்குக் காரணங்கள். சீனர்கள் இப்படிப்பட்ட பூனையை 'ஷுவான் மாவ்' என்பார்கள். அது தீய சக்திகளை விரட்டும் என்பது அங்குள்ள நாட்டுப்புற நம்பிக்கை.

தாவோ பேசும் புதிரும் ஏறக்குறைய இந்த நிறம்தான். பூட்டிவைத்த ரகசியம் இல்லை. கண் முன்னால்தான் இருக்கிறது. கறுப்பு என்று பெயர் வைத்து முடிப்பதற்குள் சிவப்பாகத் தெரிகிறது. பெயருக்குள் அடங்க மறுப்பதுதான் அதன் குணம்.

இந்தச் சொல்லுக்கே ஒரு சோதனைக் காலம் வந்தது. 1661 முதல் 1722 வரை ஆண்ட சக்கரவர்த்தி காங்ஷியின் இயற்பெயரில் 'ஷுவான்' இருந்தது. அரசர் பெயரை யாரும் எழுதக் கூடாதே! பீஜிங் அரண்மனையின் வடக்கு வாசலுக்கு, தாவோ மதத்தின் வடதிசைக் கடவுளான ஷுவான்வூவின் பெயர் இருந்தது. அதை 'ஷென்வூ' என்று மாற்றிவிட்டார்கள். இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அதே அரண்மனையில் பூனைகள் ஏராளம்.

சாதாரண மக்கள் பூனையை எப்படிப் பார்த்தார்கள்? சோங் பேரரசு காலத்தில் பூனைக்குட்டியைச் சும்மா தூக்கி வர முடியாது. தாய்ப்பூனையின் வீட்டுக்கு உப்பு கொடுத்து, கிட்டத்தட்டப் பெண் அழைப்பதுபோல அழைத்து வந்தார்கள். அதற்கடுத்த யுவான் காலத்துப் பஞ்சாங்க நூல் ஒன்றில், பூனையோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தப் பத்திரமே இருக்கிறது. இரவு பகலாக வீட்டைக் காக்க வேண்டும், ஊர் சுற்றக் கூடாது, மீறினால் அடி! சாட்சி யார் தெரியுமா? மேற்குத் திசையின் அன்னை அரசியும் கிழக்குத் திசையின் தந்தை அரசரும். இருவரும் தாவோ தெய்வங்கள். பூனைகள் இந்த ஒப்பந்தத்தை எவ்வளவு மதித்திருக்கும் என்பது பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

பூனை நிஜமாகவே குருவாக வரும் கதை ஜப்பானில் இருக்கிறது. 1727-ல் வெளியான, இஸ்ஸாய் சோசான்ஷி எழுதிய 'நெகோ நோ மியோஜுட்சு'. தலைப்பில் உள்ள 'மியோ', லாவோட்சுவின் அதே 'மியாவ்' எழுத்துதான்.

ஒரு வாள்வீரன் வீட்டில் பெரிய எலி புகுந்துவிடுகிறது. அவனுடைய பூனை பயந்து ஓடுகிறது. அக்கம்பக்கத்துப் பூனைகளும் தோற்கின்றன. அவனே மரவாளை எடுத்துத் துரத்தியதில் வீட்டுக் கதவுகள் கிழிந்ததுதான் மிச்சம். கடைசியாக ஒரு வயதான பூனையை வரவழைக்கிறார்கள். பார்க்கச் சுறுசுறுப்பே இல்லை. மெதுவாக உள்ளே போகிறது. எலி அப்படியே உறைந்து நிற்கிறது. வாயில் கவ்வி எடுத்து வந்துவிடுகிறது.

அன்றிரவு மற்ற பூனைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்கின்றன. வித்தையைப் பழகிய பூனையிடம் "அது வெறும் தந்திரம்" என்கிறது. பலத்தை நம்பிய பூனையிடம், உயிருக்குத் துணிந்த எலி அதற்கும் மிஞ்சும் என்கிறது. எலியோடு இணங்கிப்போகப் பார்த்த பூனையையும் விடவில்லை. திட்டம் போட்டு இணங்குவதும் திட்டம்தானாம்!

"நானும் பெரிய ஆள் இல்லை" என்று அது தொடர்கிறது. பக்கத்து ஊரில் ஒரு பூனை இருந்ததாம். நாளெல்லாம் தூங்கும். மரத்தில் செதுக்கி வைத்ததுபோல இருக்கும். அது எலி பிடித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால், அது இருக்கும் இடத்தில் எலியே இருக்காது. எப்படி என்று கிழட்டுப் பூனை நேரில் போய் நான்கு முறை கேட்டது. நான்கு முறையும் பதில் வரவில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. என்ன சொல்வது என்று அந்தப் பூனைக்கே தெரியவில்லை.