குழந்தை உறங்கும் இடத்தில் ஈரம்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் முடிய மழைக்காலம். ஜூலையில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80-க்கு மேல் நிற்பது வழக்கம். ஓரறைக்குள் சமைத்து, உறங்கி, துணியும் உலர்த்தும் நம்மவர் இல்லங்களில் அவ்வீரம் முதலில் வருத்துவது குழந்தையையே.

2024 மழைக்காலத்தில் எங்கள் இளைய மகன் இரவெல்லாம் இருமினான். அறை உலரட்டுமென்று எங்கள் அன்னையார் நாள்தோறும் சாம்பிராணி போட்டார், இருமல் மிகுந்தது. மருந்தளித்த மருத்துவர், "குழந்தை எங்கே படுக்கிறான்?" என வினவினார். வீடு திரும்பிச் சுவரோரத்து மெத்தையைப் புரட்டினோம். அடியெல்லாம் கரும்பூசணம்!

புகை ஈரத்தைப் போக்காது. இளம் மூச்சுக்குழலை உறுத்தும். கிராமத்துத் திறந்த முற்றத்தில் கலைந்துபோன புகை, இங்கே ஓரறைக்குள் தங்கிவிடுகிறது. மூடிய அறையில் கரிக்கணப்பு வைப்பதோ உயிருக்கே கேடு.

பூசணமேறிய மெத்தையை எறிந்தோம். சுவரைச் சோப்பு நீரால் துடைத்து உலர்த்தினோம். படுக்கையைச் சுவரினின்று ஒரு சாண் விலக்கினோம். ஈரத்துணியைத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். பாத்திரங்களை மூடிச் சமைத்தோம். மழை ஓய்ந்த வேளைகளில் கதவையும் சன்னலையும் திறந்து மின்விசிறியைச் சுழலவிட்டோம்.

நாளடைவில் இருமல் தணிந்தது. முதலில் மனம் வருந்திய அன்னையார், இன்று வெயில் கண்டதும் பேரனின் விரிப்பை உலர்த்த முதலில் எழுகிறார். அன்பு மாறவில்லை, அதன் வழிதான் மாறியது.