தமிழில் கேட்டால் எத்தனை துண்டு?

மாலை ஆறு மணிக்குக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் பீளமேடு, தடாகம் ரோடு, சரவணம்பட்டி என்று கோவையின் கல்லூரிச் சாலைகள் எல்லாம் அங்கே வந்து கூடுவதைப் பார்க்கலாம். கழுத்தில் ஐடி கார்டு, கையில் போன். அசைன்மென்ட், லேப் ரெக்கார்ட், புராஜெக்ட் ரிப்போர்ட் எதுவானாலும் சாட்ஜிபிடியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடும் தலைமுறை இது. அது வெளியானதே 2022 நவம்பர் 30-ல்தான்.

கேட்ட கேள்வி உள்ளே போனதும் என்ன ஆகிறது? அந்த இயந்திரம் நம்மைப் போல எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை. எழுதியதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். 'கோயம்புத்தூர்' நம் கண்ணுக்கு 7 எழுத்து. யுனிகோடில் அது 13 குறியீடு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 39 பைட். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்து, 10 பைட், அவ்வளவுதான்.

எங்கே நறுக்குவது என்பதை முடிவு செய்யும் முறை, 1994-ல் ஃபிலிப் கேஜ் என்பவர் கோப்புகளைச் சுருக்குவதற்காக எழுதிய உத்தியிலிருந்து வந்தது. அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டை ஒன்றாகச் சேர்; சேர்ந்ததை அடுத்ததோடு சேர். இணையத்தில் ஆங்கிலம் கொட்டிக் கிடப்பதால் ஆங்கிலச் சொற்கள் முழுசு முழுசாகச் சேர்ந்துவிட்டன. குறைவாக இருந்த தமிழ், பொடிப்பொடியாகவே நின்றது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே காட்டிய மாதிரி ஒன்றில், ஆங்கிலத்தில் 27 டோக்கன் ஆன செய்தி தமிழில் 116 ஆனது. சொந்தச் செயலிக்குள் இணைத்துப் பயன்படுத்துவோருக்குக் கட்டணம் டோக்கன் கணக்கில். இயந்திரம் ஒரே மூச்சில் நினைவில் வைக்கும் அளவும் டோக்கன் கணக்கில். தமிழில் கேட்டால் இரண்டிலும் நான்கு மடங்கு செலவானது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற அவர்களின் புதிய மாடல் வந்தபோது அதே செய்தி தமிழில் 35, ஆங்கிலத்தில் 24. அறிவிப்பின் ஓரத்தில் கிடந்த இந்த எண்ணை நான் பெரிய செய்தியாகவே பார்க்கிறேன்.

ஏனென்றால் பொறியியலைத் தமிழில் கேட்க வேண்டிய தேவை இங்கே உண்டு. 2010-லேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளைக்கு, ஆங்கிலவழி வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது கொங்குப் பக்கக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். கேட்காமலே நாலு வருஷத்தை ஓட்டிவிடுகிறவர்களும் உண்டு. இன்று அந்தப் பிள்ளை, "ஏனுங்க, லோடு நடுவுல வந்தா என்னாகுமுங்க?" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கூச்சமில்லாமல் தட்டச்சு செய்யலாம்.

ஆனால் என்ன பதில் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 4 மீட்டர் உத்தரம், இரு முனையிலும் தாங்கல், நடுவில் 10 கிலோநியூட்டன் சுமை. அதிகபட்ச பெண்டிங் மொமென்ட் எவ்வளவு? 10 கிலோநியூட்டன் மீட்டர் என்று இயந்திரம் ஒரு நொடியில் சொல்லிவிடும், சரியான விடை. அல்லது, "ஒவ்வொரு முனையும் எவ்வளவு தாங்கும்?" என்று திருப்பிக் கேட்கலாம். மாணவர் 5 என்கிறார். "நடுப்புள்ளி அங்கிருந்து எத்தனை மீட்டர்?" 2. ஐந்தை இரண்டால் பெருக்கும்போது சூத்திரம் எங்கிருந்து பிறந்தது என்பது அவர் கைக்கே வந்துவிடுகிறது. இயந்திரம் அடுத்து வரத்தக்க டோக்கனைக் கணித்துக் கணித்து எழுதுவது. தவறான விடையையும் இதே சரளத்தோடு எழுதும். கைக்கணக்கு தெரிந்தவருக்குத்தான் அது பிடிபடும்.

இந்த இரண்டு வழிக்கும் உள்ள தூரத்தை பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், கணிதப் பாடம். கேட்டதும் விடை தரும் ஏஐயை வைத்துக்கொண்டவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியோடு படித்தவர்கள் பயிற்சியில் 127 சதவீதம் முன்னேறினார்கள். தேர்விலும் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

இரண்டு கருவிக்குள்ளும் இருந்தது ஒரே ஜிபிடி-4 மாடல். இரண்டாவதற்குள் ஆசிரியர்கள் முன்கூட்டியே சிலவற்றை எழுதி வைத்திருந்தார்கள்: சரியான விடை, மாணவர் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள், அங்கே என்ன குறிப்பு தர வேண்டும் என்பது. முப்பது வருஷம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் நடத்திய பேராசிரியருக்கு இந்தத் தடுக்கல்கள் அத்துபடி. எந்தப் பிள்ளை குறியை மாற்றிப் போடும், யார் மீட்டரையும் மில்லிமீட்டரையும் குழப்புவார் என்பதெல்லாம் விடைத்தாளைத் திறக்கும் முன்பே அவருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெறுவதற்குள் கல்லூரிகள் அதைத் தமிழில் எழுதி வாங்கி, பிள்ளைகள் கேட்கும் கருவிக்குள் சேர்த்துவிட வேண்டும்.